கரையில் கிடந்த ஃபைபர் படகை மறுபடி கடலில் இறக்க: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

சித்தப்பா பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போனபோது, தன் 28 அடி ஃபைபர் படகைச் சவுக்குத்தோப்பு ஓரமாக ஏற்றி வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருடத்தில் வருவதாகச் சொன்னவர் ஆறு வருடமாகியும் வரவில்லை. கவிழ்த்து வைக்காமல் நிமிர்ந்தபடியே கிடந்த படகு, ஆறு ஐப்பசி மழையையும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டது. நானும் தம்பியும் அதைச் சரிசெய்து இறக்கப் பதினான்கு மாதம் பிடித்தது. அதில் ஐந்து மாதம் காய்வதற்கு மட்டுமே போனது. முதல் தடவை பொறுமை இல்லாமல் ஈரத்தின் மேல் ஃபைபர் போட்டோம். இருபது நாளில் அது அப்பளம் போல உரிந்து வந்தது.

எங்கள் நாகப்பட்டினம் கரையில் இப்படிக் கிடக்கும் படகுகள் நிறைய. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் இருந்த இடங்களில் ஃபைபர் படகு வந்து நிறைந்தது. குறுகிய காலத்தில் ஏராளமாகக் கட்டியதால் அடுக்கும் தடிப்பும் எல்லாப் படகிலும் ஒன்றாக இல்லை. அதனால் பக்கத்துப் படகுக்குச் செய்ததை உங்கள் படகுக்கு அப்படியே செய்யாதீர்கள். அறிகுறியைப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, பிறகு கை வையுங்கள்.

படகில் எண் அழிந்திருக்கிறது, அல்லது யாருடையது என்று தெரியவில்லை

உப்புத்தாளை எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது. படகின் முன்முனையான அணியத்தின் இரு பக்கமும் பதிவு எண் எழுதியிருக்கும். நம் மாநிலப் படகென்றால் 'ஐ.என்.டி. டி.என்.' என்று தொடங்கும். வெயிலில் மங்கிப் போயிருந்தாலும், ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் பெயிண்ட் தடம் தெரியும். அந்த எண்ணோடு மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் போங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட எழுத்து வேண்டும். ஒருவர் சொன்ன வாய் வார்த்தையை நம்பிப் பணம் போட்டுவிட்டு, படகு பளபளவென்று ஆனபிறகு இன்னொரு மகன் வந்து நின்ற கதையை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். பெயர் மாற்றம் ஆகாத படகுக்கு மானிய டீசல் கிடைக்காது, கடலில் சோதனையில் நிறுத்தினால் பதில் சொல்லவும் முடியாது.

தனுஷ்கோடி, வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இலங்கைப் பதிவெண்ணோ சிங்கள எழுத்தோ உள்ள படகு ஆளில்லாமல் ஒதுங்கியிருந்தால் தொடவே வேண்டாம், கயிறு கட்டி இழுத்து வைக்கவும் வேண்டாம். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093-இல் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். அது புதுப்பிக்கக் கிடைத்த படகு ஆகாது, ஒரு வழக்கின் சாட்சிப் பொருள்.

தட்டினால் 'டக்' என்று வராமல் 'தொப்' என்று வருகிறது

ஒரு ரூபாய் நாணயத்தையோ ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியையோ எடுத்துக்கொண்டு, அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஃபைபர் கணீரென்று பதில் சொல்லும். அடுக்கு விட்டுப்போன இடம் மந்தமாகச் சொல்லும். மந்தமான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஒரே இடத்தில் தட்டிவிட்டு முடிவு செய்யக் கூடாது. உள்ளே குறுக்குப் பலகை இருக்கும் இடத்திலும் சத்தம் மாறும். அதை நோய் என்று எண்ணி வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

வட்டம் போட்ட பிறகு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அடி சதுரப் பாலிதீன் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தால் ஃபைபர் இன்னும் தண்ணீரை வைத்திருக்கிறது. அந்த நிலையில் ரெசின் (ஃபைபரை ஒட்டி இறுக்கும் பிசின்) வாங்கவே கடைக்குப் போகாதீர்கள்.

காயவைக்கும் முறை எளிது: படகைக் கவிழ்த்து, அடியில் காற்று ஓடும்படி மணல் மூட்டைகள் மேல் தூக்கி வையுங்கள். மழைக்கு மட்டும் தார்ப்பாய் போடுங்கள், மற்ற நேரம் எடுத்துவிடுங்கள். தார்ப்பாயை ஒட்டி மூடினால் ஈரம் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். எங்கள் கரையில் இந்த வேலைக்கு ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றைப் போல வேறு எதுவும் இல்லை. பங்குனியில் கவிழ்த்து வைத்தால் ஆவணிக்குள் பாலிதீன் சோதனையில் தேறிவிடும்.

அடுத்தது, மந்தமான பகுதியைக் கிரைண்டரில் 40 நம்பர் தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் திட்டு போய் நல்ல அடுக்கு வரும் வரை இறங்க வேண்டும். ஓரம் செங்குத்தாக நிற்கக் கூடாது. தடிப்பு எவ்வளவோ அதைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக இழைக்க வேண்டும். 5 மி.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் 6 செ.மீ. சரிவு. பழைய ஃபைபரோடு புதிய பாலியெஸ்டர் ரெசின் ரசாயன முறையில் சேராது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு மட்டுமே நிற்கும். சரிவு குறைந்தால் பிடியும் குறையும்.

முதல் அடுக்கு எப்போதும் மேட் (கண்ணாடி இழைத் துணுக்குகளால் ஆன விரிப்பு). தடித்த கண்ணாடி இழையில் நெய்த ரோவிங்கை நேராகப் பழைய ஃபைபர் மேல் போட்டால் நடுவில் ரெசின் போதாமல் உரிந்துவிடும். மேட், ரோவிங், மேட் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பெரிய துண்டு முதலில், சிறியது பிறகு. அப்படிப் போட்டால் கடைசியில் தேய்க்கும்போது அடியில் உள்ள பெரிய அடுக்கு வெட்டுப்படாது. எடைக்கணக்கில் ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ ரெசின், ஒரு கிலோ ரோவிங்குக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. வழிய வழிய ஊற்றினால் பலம் கூடாது, நொறுங்கும் தன்மைதான் கூடும்.

பழைய ஓட்டையை யாராவது எபாக்சி (வேறொரு வகை ரெசின்) பட்டி வைத்து அடைத்திருந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது.

ஃபைபர் தூசி நுரையீரலுக்குக் கேடு. நல்ல மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். அரிப்பு பாதியாகக் குறையும்.

போட்ட ரெசின் பிசுபிசுவென்றே இருக்கிறது

மேல்தோல் மட்டும் ஒட்டுகிறதா, உள்ளேயே இளகி இருக்கிறதா என்று நகத்தால் குத்திப் பாருங்கள். மேல் மட்டும் ஒட்டினால் பயமில்லை. பாலியெஸ்டர் ரெசின் காற்றுப்படும் முகத்தில் முழுசாக இறுகாது. அசிட்டோன் துணியால் துடைத்துவிட்டு அடுத்த அடுக்கைப் போடலாம். கடைசி அடுக்குக்கு மட்டும் மெழுகு கலந்த ரெசினோ, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளோ வேண்டும்.

உள்ளேயே இளகியிருந்தால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்: கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) குறைவு, பழைய ரெசின், அடியில் ஈரம். கேட்டலிஸ்ட்டை மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவது நம் ஆட்களின் பழக்கம். ஊசிக்குழாய் வாங்கி அளந்து விடுங்கள், ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. டப்பாவில் தயாரித்த தேதியைப் பாருங்கள். வெயிலில் வைத்த கடைச்சரக்கு சில மாதத்திலேயே கெட்டுவிடும். இளகிய அடுக்கை விட்டுவைத்து மேலே இன்னொன்று போடுவதால் எதுவும் சரியாகாது, சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

ரெசின் குவளையிலேயே கட்டியாகிறது, புகைகிறது

இது எதிர்ப்பக்கக் கோளாறு. உச்சி வெயிலில் ஒரே குவளையில் இரண்டு கிலோ கலந்தால் அதன் சூடே அதை எரிய வைக்கும். பனி ஈரம் உலர்ந்த காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடிக்கப் பாருங்கள். அரைக் கிலோவுக்கு மேல் ஒரு தடவைக்குக் கலக்காதீர்கள். சூடாகத் தொடங்கிய குவளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம், வெளியே மணலில் வைத்து நிறையத் தண்ணீர் விடுங்கள்.

இதை மட்டும் மனதில் அழுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இறுகுவதை வேகப்படுத்த ஊதா நிறத்தில் வரும் ஆக்சிலரேட்டரும், தண்ணீர் போல வரும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது. கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கி வையுங்கள், கேட்டலிஸ்ட்டைப் பயன்படுத்தும் நேரத்தில் சேருங்கள். இரண்டுக்கும் தனித்தனி அளவுகுழாய், தனித்தனி துணி. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பட்டால் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்ஜின் தொங்கும் பின்பலகை ஆடுகிறது, அல்லது போல்ட் ஓரம் பழுப்பு நீர் கசிகிறது

கைவிட்ட படகில் பெரும்பாலும் முதலில் சாவது இந்தப் பலகைதான். வெளியே பார்த்தால் ஃபைபர் மினுமினுப்பாக இருக்கும், உள்ளே ஒட்டுப்பலகை தேநீர்த்தூள் போல ஆகியிருக்கும். போல்ட் துளை வழியாக இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கியதன் விளைவு.

உறுதி செய்ய, உள்பக்கத்திலிருந்து 5 மி.மீ. துளை மூன்று நான்கு போட்டு, வரும் தூளைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்து ஈரமாகப் புளித்த வாடையோடு வந்தால் மேலும் கீழும் துளை போட்டுக் கெட்ட எல்லையைக் கண்டுபிடியுங்கள். அடிப்பக்கத்தில் கெட்டு மேலே நன்றாக இருப்பதும் உண்டு. ஆனாலும் பாதியை மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்ஜினின் இழுவை முழுவதும் அந்த ஒட்டில் வந்து நிற்கும்.

உள்பக்க ஃபைபர் தோலைச் சுற்றி வெட்டி எடுங்கள், வெளித்தோலை விட்டுவையுங்கள், அதுவே அச்சு. கெட்ட பலகையை உளியால் துளி மிச்சமில்லாமல் எடுத்து, அந்த இடத்தைக் காயவிடுங்கள். புதிதாக வைக்க ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ஒட்டுப்பலகை மட்டும். கட்டில், அலமாரிக்குப் போடும் பலகை ஒரு மழைக்கே பிரியும். எங்கள் படகுக்கு 18 மி.மீ. பலகை இரண்டைச் சேர்த்தோம். பலகையின் எல்லா முகத்துக்கும், முக்கியமாக வெட்டு ஓரத்துக்கு, ரெசின் குடிக்கக் கொடுங்கள். வெளித்தோலில் ரெசினில் ஊறிய மேட்டை வைத்து, அதன் மேல் பலகையை அழுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். மூலைகளில் டால்க் கலந்த ரெசின் பட்டியால் வளைவு கொடுத்துவிட்டு, பக்கத்திலும் அடியிலும் ஒரு சாண் படரும்படி மேட், ரோவிங் அடுக்குகளைப் போடுங்கள். மூலை கூர்மையாக நின்றால் மேட் அங்கே ஒட்டாமல் காற்று தங்கும்.

மறுபடி அதே நோய் வராமலிருக்க ஒரு வேலை பாக்கி இருக்கிறது. போல்ட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய துளை போட்டு, அதை ரெசின் பட்டியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, ரெசின்தான். சித்தப்பாவின் படகில் முதலிலேயே யாராவது இதைச் செய்திருந்தால் அந்தப் பலகை இன்னும் பத்து வருடம் நின்றிருக்கும்.

வெளியில் பழுது தெரியவில்லை, ஆனால் படகு பழையதைவிடக் கனம்

எட்டுப் பேர் தூக்கியதை இப்போது பன்னிரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தால், மிதவைப் பெட்டிக்குள் இருக்கும் நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. குறுக்குப் பலகைகளுக்கு அடியில் மூடிய பெட்டிகளின் தாழ்ந்த மூலையில் சின்னத் துளை போட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஒரு பெட்டியில் மட்டும் இரண்டு நாள் சொட்டியது. நுரை ஊறிவிட்டால் அதைக் காயவைக்க முடியாது, பெட்டியைத் திறந்து எடுத்துவிடுங்கள்.

பதிலுக்கு தெர்மோகோல் அடைத்து மேலே ரெசின் ஊற்றினால் தெர்மோகோல் கரைந்து போகும். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும். நாங்கள் மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேன்களை வைத்தோம். ஒவ்வொன்றும் தன் எடை போக ஏறக்குறைய 19 கிலோவைத் தாங்கும். இன்ஜின், வலை எடையைக் கூட்டிப் பார்த்து எத்தனை கேன் என்று கணக்கிடுங்கள். படகு கவிழ்ந்தால் ஆட்கள் பிடித்துக்கொண்டு மிதப்பது இந்தக் கேன்களை நம்பித்தான். ஒரு கேன்கூடக் குறைக்காதீர்கள்.

உள்பக்கம் அடித்தளத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள்

தினமும் கரையேற்றும் படகுக்கு வெளிப்பக்கம் கொப்புளம் வருவது குறைவு. மழைநீர் வருடக்கணக்கில் தேங்கிய உள்பக்கம்தான் வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்துங்கள், காடி வாசனையோடு நீர் பீச்சும். எல்லாவற்றையும் திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, காயவைத்து, தேய்த்து, மேட் போடுங்கள். உப்புத்தண்ணீரில் கழுவினால் பயனில்லை.

மேல்பூச்சில் சிலந்திவலை போலக் கீறல்

கீறல்கள் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பினால் அங்கே அடிபட்டிருக்கிறது, பின்னால் இருக்கும் அடுக்கைத் தட்டிப் பாருங்கள். இணைகோடுகளாக ஓடினால் அந்த இடம் அலையில் வளைந்து கொடுக்கிறது, தடிப்பு போதவில்லை. பெயிண்ட் அடித்து மறைத்தால் ஒரே சீசனில் திரும்ப வரும். உள்ளிருந்து இரண்டு அடுக்கு கூட்டுங்கள், முடிந்தால் குறுக்கே விலா எலும்பு போல ஒரு வங்கு வையுங்கள்.

தண்ணீர் கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை

கடலில் இறக்கித் தேடாதீர்கள். கரையில் மணல் மூட்டைகளை நெருக்கமாக அடுக்கி, படகை நிமிர்த்தி, உள்ளே தண்ணீர் விடுங்கள். வெளிப்பக்கம் எங்கே ஈரம் பூக்கிறதோ அங்கே சாக்பீஸ் குறி. அளவில் கவனம் வேண்டும். 6 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்கு 10 செ.மீ. நின்றாலே 600 கிலோ. இரண்டு கட்டையின் மேல் நிறுத்திவிட்டு நிரப்பினால் நல்ல படகும் அடியில் முதுகெலும்பு போல ஓடும் ஏராவில் முறியும்.

டீசல் இன்ஜின் சுற்றவே மாட்டேன் என்கிறது

ஹேண்டிலை ஆள் வைத்து இழுக்காதீர்கள். டீசலைப் பீச்சும் நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து கால் டம்ளர் விட்டு, மூன்று நாள் விடுங்கள். பிறகு ஃபிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி ஆயில், மறுபடி ஒரு நாள். இதற்கிடையில் வால்வு மூடியைத் திறந்து வால்வு ஒட்டியிருக்கிறதா, புஷ்ராடு நெளிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சுற்றத் தொடங்கியதும், நாசிலை மாட்டுவதற்கு முன் நிறையத் தடவை சுற்றி உள்ளே நிற்கும் ஆயிலை வெளியே தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் கனெக்டிங் ராடு வளையும்.

ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. வடித்துவிட்டு மலிவான ஆயில் ஊற்றிச் சிறிது ஓட்டி, அதையும் வடித்துவிட்டுத்தான் நல்ல ஆயில்.

சுற்றுகிறது, பற்றவில்லை

டேங்கை முழுக்க வடித்துக் கழுவுங்கள். பழைய டீசலும் தண்ணீரும் சேர்ந்த கறுப்புச் சகதி அடியில் இருக்கும். ஃபில்டர் புதிது போட்டு, பம்பு முனையிலிருந்து நாசில் வரை ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும் வரை காற்றை எடுங்கள். கிளம்பியதும் புகையைக் கவனியுங்கள். வெள்ளைப்புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் நாசில் அல்லது கம்ப்ரஷன். கரும்புகைக்கு முதலில் ஏர்ஃபில்டர். நீலப்புகை என்றால் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. படகு நடுங்கினால் இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன் விசிறியைச் சுழற்றும் வால்தண்டைக் கழற்றி உருட்டிப் பாருங்கள், வருடக்கணக்கில் சாய்த்து வைத்த தண்டு நெளிந்திருக்கும்.

எடுக்கலாமா, விட்டுவிடலாமா என்று தெரியவில்லை

ஏராவுக்குக் குறுக்காக முழு அகலத்துக்கும் முறிவு இருந்தாலோ, சாக்பீஸ் வட்டங்கள் அடித்தளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலோ நான் எடுக்க மாட்டேன். இது என் அளவுகோல். அந்தப் படகில் போவது நம் வீட்டுப் பிள்ளைகள். விட்டுவிடுவதென்று முடிவானால் கரையில் வைத்துக் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை விஷம், மிஞ்சும் கண்ணாடி இழை மணலிலேயே கிடக்கும்.

முதல் தடவை இறக்கும்போது

தை பிறந்து கடல் அடங்கிய பிறகு இறக்குங்கள். ஆட்களுக்கு லைஃப் ஜாக்கெட், கூட இன்னொரு படகு, கரையிலிருந்து கூப்பிடு தூரம், அவ்வளவுதான் முதல் நாள். நங்கூரம் போட்டு ஒரு மணி நேரம் நின்று, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் குவளையால் அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் அதே ஒரு மணி நேரம், அதே குவளை. அளவு கூடினால் கரையேற்றிக் கவிழ்த்துவிடுங்கள். எங்களுக்கு முதல் நாள் ஆறு குவளை, நான்காம் நாள் ஆறு குவளை. அது தண்டு நுழையும் புஷ் வழியாக வந்த தண்ணீர். கிரீஸ் வைத்து இறுக்கிய பிறகு ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டு உள்தளத்தைக் காட்டினோம். "பின்பலகையைக் காட்டு தம்பி" என்றார். போல்ட்டின் ஓரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.